காலம் மறந்தவரும் காத்திருப்பவரும்

“பொழுது போனதே தெரியவில்லை” என்று சில நாள்களில் மகிழ்ச்சியோடு கூறுகிறோம். “பொழுது போகவே மாட்டேன் என்கிறது” என்று வேறு சில நாள்களில் அலுத்துக்கொள்கிறோம். கடிகாரத்தைப் பொறுத்தமட்டில் எந்நாளும் ஒரு மணிக்கு 60 நிமிடங்களே. ஆயினும் பேருந்துக்காகச் சாலையோரத்தில் நிற்கும் அரை மணி நேரம் அரை நாளாக நீள்கிறது. விருப்பமான வேலையில் கண்ணும் கருத்துமாய் அமர்ந்திருக்கும் அரை நாளோ அரை மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. மெய்ம்மறத்தல் என்று தமிழர் இந்நிலைக்குப் பெயரிட்டனர். பசியும் களைப்பும் சுற்றியிருப்போரின் பேச்சும் தோன்றாமல், செய்யும் செயல் ஒன்றே உள்ளத்தை நிறைத்து நிற்கும் நிலை அது.

அன்பார்ந்த வாசகர்களே, இத்தகைய மறதி நல்லதா, தீயதா? நம் இல்லத்தில் ஒருவர் இவ்வாறு ஆழ்ந்திருக்கும்போது மற்றவர்கள் செய்யவேண்டியது யாது? இவ்விரு வினாக்களையும் இத்திங்கள் சற்று ஆராய்வோம்.

மன்னரின் பந்தியில் ஒரு துறவி

13-ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்ததாக ஒரு செய்தியைப் புனித அக்குவினாஸ் தோமையாரின் வரலாற்றை எழுதிய பழைய ஆசிரியர்கள் குறித்துவைத்துள்ளனர். பிரான்ஸ் நாட்டு மன்னர் 9-ஆம் லூயிஸ், பிற்காலத்தில் தாமும் புனிதராகப் போற்றப்பட்டவர், தோமையாரைத் தம் விருந்துக்கு அழைத்திருந்தார். தோமையார் பந்தியில் அமர்ந்திருந்தாரே அன்றி, அவர் உள்ளம் அங்கு இல்லை. மனிக்கேயரின் கொள்கையை எங்ஙனம் மறுப்பது என்னும் சிந்தனையில் அது ஆழ்ந்திருந்தது. திடீரென அவர் மேசையின்மீது ஓங்கி அறைந்து, மனிக்கேயருக்கு உரிய மறுமொழி கிடைத்துவிட்டதென்று உரத்த குரலில் கூறினார். உடன் வந்திருந்த மடத்துத் தலைவர் நடுங்கிப்போய் அவருடைய ஆடையைப் பற்றி இழுத்து, அரசரின் முன்னிலையில் இருப்பதை நினைவூட்டினார். தோமையார் நாணி மன்னிப்பு வேண்டினார். மன்னரோ சிறிதும் சினக்கவில்லை. அந்தச் சிந்தனை கலைந்துபோகுமுன் எழுதிவைத்துக்கொள்ளுமாறு தம் எழுத்தரை வரவழைத்தார்.

இச்செய்தியைக் கேட்போர் பெரும்பாலும் தோமையாரின் மறதியைக் கண்டே வியப்பர். நாம் இங்குக் கருதவேண்டியது மன்னரின் பண்பு. தம் பந்தியில் ஒருவர் தம்மை மறந்ததை அவர் அவமதிப்பாகக் கொள்ளவில்லை. பயனுள்ள ஏதோ ஒன்று அங்கே பிறந்திருக்கிறது என்பதை உணர்ந்து, அதற்கு ஊறு நேராமல் காத்தார்.

தோமையாருக்கு இத்தகைய காவல் ஒரு நாளோடு முடியவில்லை. பிப்பெர்னோ என்னும் ஊரைச் சேர்ந்த ரெஜினால்டு என்ற துறவி பல ஆண்டுகள் அவருக்குத் துணையாக இருந்தார். உண்ணும் வேளையிலும் சிந்தனையில் ஆழ்ந்துவிடும் தோமையாருக்கு, எதை உண்கிறோம் என்பதே தெரியாமற்போவதுண்டாம். அருகிலிருந்து உணவைக் கவனித்து, செவிலித்தாய் குழந்தையைப் பேணுவதுபோல் அவரைப் பேணியவர் ரெஜினால்டு. தோமையாரின் நூல்களை உலகம் அறியும். ரெஜினால்டின் பெயரை அறிந்தோர் சிலரே.

கணக்கும் கவளமும்

இங்கிலாந்தின் ஐசக் நியூட்டன் 1687-இல் வெளிவந்த தம் ‘பிரின்சிப்பியா’ என்னும் பெருநூலை உருவாக்கிய காலத்தில், ஹம்ப்ரி நியூட்டன் என்னும் இளைஞர் அவருக்கு எழுத்து உதவியாளராக ஏறத்தாழ 5 ஆண்டுகள் பணியாற்றினார். அறையில் வைத்த உணவு தீண்டப்படாமலே இருந்ததைப் பன்முறை கண்டதாகவும், நினைவூட்டினால் உண்ணவில்லையா என்று நியூட்டன் தாமே வியந்து, நின்றபடியே ஓரிரு கவளம் உண்பார் என்றும் அவ்வுதவியாளர் பிற்காலத்தில் எழுதினார்.

நம் நாட்டுக் கணித மேதை இராமானுஜனின் வரலாறு இன்னும் நம் நெஞ்சைத் தொடுவது. ஈரோட்டில் 1887-இல் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் அவர். காகிதம் வாங்க வசதியின்றிச் சிலேட்டில் கணக்கிட்டு, துணி தேடும் நேரமும் வீண் எனக் கருதி முழங்கையாலேயே அழித்து எழுதுவார். இங்கிலாந்து செல்லுமுன், அவர் கணக்கில் மூழ்கியிருந்த வேளைகளில் வீட்டுப் பெண்கள் சோற்றைப் பிசைந்து அவர் கையில் வைப்பார்கள் என்று அவருடைய மனைவி ஜானகி அம்மாள் முதுமையில் நினைவுகூர்ந்தார். எண்ணத்தின் தொடர் அறுந்துவிடாமல் உணவு உள்ளே செல்லும்.

1914-இல் இராமானுஜன் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே கையில் கவளம் வைக்க எவரும் இல்லை. மரக்கறி உணவே உண்பவராதலால் தம் அறையில் தாமே சமைத்துக்கொண்டார். போர்க்காலமாதலால் வேண்டிய பொருள்கள் கிடைப்பதும் அரிதாயிற்று. உண்பதும் உறங்குவதும் முறை தவறின. 1917-இல் நோயுற்றவர் 1919-இல் தாயகம் திரும்பி, 1920-இல் 32 வயதில் மறைந்தார். உணவு முறை தவறியதே அவர் நோய்க்குக் காரணம் என்று உறுதியாகக் கூற இயலாது. ஆயினும் காலத்தை மறந்த ஒருவருக்காகக் காலத்தை நினைத்திருக்க ஓர் இல்லம் இருந்ததும், பிறகு இல்லாமற்போனதும் நாம் சிந்திக்கத்தக்கவை. ஜானகி அம்மாள் கணவரை இழந்தபின் தையற்கலை பயின்று, சென்னைத் திருவல்லிக்கேணியில் உழைத்து வாழ்ந்து, 1994-இல் காலமானார்.

இவ்வரலாறுகளில் ஒரே உண்மையைக் காண்கிறோம். ஒருவர் நேரத்தை மறக்கவேண்டுமானால், அவருக்காக மற்றொருவர் நேரத்தை நினைத்திருக்கவேண்டும். மெய்ம்மறத்தல் என்பது தனி ஒருவரின் பேறாகத் தோன்றினாலும், அது பெரும்பாலும் இருவரின் உழைப்பால் ஆவது.

ஏன் பொழுது தெரிவதில்லை?

உளவியல் அறிஞர்கள் இதற்குக் கூறும் விளக்கம் எளியது. மனிதனின் கவனம் அளவுக்குட்பட்ட ஒரு செல்வம். காலம் நகர்வதை உணர்வதற்கும் அதில் ஒரு பங்கைச் செலவிடவேண்டும். உலையில் அரிசி எப்போது வேகும் என்று பார்த்துக்கொண்டே நிற்பவரின் கவனம் முழுவதும் நேரத்தின் மேலேயே இருக்கிறது. ஆகவே நேரம் நீள்கிறது. கடினமான ஒரு செயலில் கவனம் முழுவதும் செலவாகிவிட்டால், நேரத்தைக் கணக்கிட மிச்சம் எதுவும் இருப்பதில்லை. தலை நிமிரும்போதுதான் விளக்கேற்றும் வேளை வந்தது தெரிகிறது.

இந்நிலையைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர் மிகாய் சிக்சென்ட்மிகாய் (1934-2021) என்னும் ஹங்கேரிய அறிஞர். அமெரிக்காவில் குடியேறிச் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய இவர், மலையேறுவோர், சதுரங்கம் ஆடுவோர், அறுவை மருத்துவர், நடனக் கலைஞர், இசை அமைப்போர் ஆகியோரிடம் பேசி, தம் கண்டுபிடிப்புகளை 1975-இல் நூலாக வெளியிட்டார். தொழில்கள் வேறாயினும் அவர்கள் கூறிய அனுபவம் ஒன்றே. நீரோட்டம் தம்மைச் சுமந்து செல்வதுபோல் இருந்தது என்று பலர் கூறினமையால், அவர் அதற்கு ‘ஓட்டம்’ என்னும் பொருள்படப் பெயரிட்டார்.

அந்நிலை தோன்ற மூன்று நிபந்தனைகளை அவர் சுட்டினார். செய்யவேண்டியது எது என்பது தெளிவாக இருத்தல்வேண்டும். செய்தது சரியா தவறா என்பது அவ்வப்போதே தெரிதல்வேண்டும். பணியின் கடினமும் செய்பவரின் திறமையும் ஒன்றையொன்று ஈடுசெய்தல்வேண்டும். பணி மிகக் கடினமாயின் அச்சம் தோன்றும். மிக எளிதாயின் சலிப்புத் தட்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய பாதையில்தான் மெய்ம்மறத்தல் கைகூடுகிறது.

விடியற்காலையில் வாசலில் புள்ளிக் கோலம் இடும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். எத்தனை புள்ளி, எத்தனை வரிசை என்பது முன்பே தெரியும். இழை ஒரு புள்ளியைத் தவறவிட்டால் அடுத்த வளைவிலேயே தெரிந்துவிடும். பழகிய கோலம் சலித்தால் இன்னும் இரண்டு புள்ளிகளைக் கூட்டலாம். சிகாகோ பேராசிரியர் கூறிய மூன்று நிபந்தனைகளும் கைப்பிடி அரிசி மாவில் அடங்கியுள்ளன. ஓலைப்பெட்டி முடைவோரிடமும், கிழிந்த வலையைச் சீர்செய்யும் மீனவரிடமும், ஆர்மோனியத்தின் முன் அமர்ந்து புதிய பாடலைப் பழகும் பாடகர் குழு இளைஞனிடமும் இதனையே காண்கிறோம்.

அப்பேராசிரியரின் மற்றொரு முடிவு நம்மை வியப்பில் ஆழ்த்தக்கூடியது. வேலை செய்வோர் பலரிடம் பேஜர் கருவியைக் கொடுத்து, ஒரு வாரம் முழுவதும் எதிர்பாராத வேளைகளில் ஒலியெழுப்பி, அந்நேரத்தில் என்ன செய்கின்றனர், உள்ளம் எப்படி இருக்கிறது என எழுதச் செய்தார் அவர். ஓய்வு நேரத்தைவிட வேலை நேரத்திலேயே இந்த ஆழ்ந்த நிலை மிகுதியாகக் காணப்பட்டது. 1989-இல் வெளியான அவ்வாய்வின்படி, வேலையில் இருந்தபோது அதே மக்கள் ஓய்வையே விரும்பினர் என்பதுதான் விந்தை. எது நம்மை நிறைவிக்கிறது என்பதை நாமே அறியாதிருக்கிறோம் போலும்!

மூன்று வயதுச் சிறுமியின் பாடம்

இவ்வாற்றல் அறிஞருக்கும் கலைஞருக்கும் மட்டும் உரியதன்று. குழந்தைப் பருவத்திலேயே நம்முள் இருப்பது. இதனை உலகுக்குக் காட்டியவர் இத்தாலிய மருத்துவரும் கல்வியாளருமான மரியா மாண்டிசோரி அம்மையார். 1907 ஜனவரி 6 அன்று உரோமை நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைகள் வாழும் பகுதியில் அவர் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அக்காலத்தில் அவர் கண்ட காட்சி ஒன்று அவருடைய கல்வி முறைக்கே அடித்தளமாயிற்று.

ஏறத்தாழ மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டையில் உள்ள குழிகளில் வெவ்வேறு அளவுள்ள சிறு உருளைகளைப் பொருத்தி, எடுத்து, மீண்டும் பொருத்திக்கொண்டிருந்தாள். அம்மையார் எண்ணத் தொடங்கினார். அவளைச் சோதிக்க விரும்பி மற்றக் குழந்தைகளைச் சுற்றிலும் பாடி ஆடச் செய்தார். சிறுமி நிமிரவில்லை. அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தனர். அவள் தன் கட்டையை மடியில் அணைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். 40 முறைக்கு மேல் செய்தபின் தானாகவே நிறுத்தினாள். அப்போது அவள் முகத்தில் களைப்பில்லை. நன்றாக உறங்கி எழுந்த குழந்தையைப்போல் மலர்ச்சியோடு சுற்றிலும் பார்த்தாள்.

அம்மையார் இதிலிருந்து பெற்ற பாடம் எளியது, கடைப்பிடிப்பதற்கோ கடினமானது. குழந்தை ஆழ்ந்து வேலை செய்யும்போது பெரியவர்கள் குறுக்கிடலாகாது. பாராட்டுவதற்காகவும் குறுக்கிடலாகாது, உதவுவதற்காகவும் குறுக்கிடலாகாது. கத்தோலிக்கரான இவ்வம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உலகப் போரின் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அதில் ஒரு பகுதியைக் கொடைக்கானலில் கழித்தார். ஆகவே இப்பாடம் நம் மண்ணிலும் கற்பிக்கப்பட்ட பாடமே.

நம் இல்லங்களில் நடப்பதை எண்ணிப் பார்ப்போம். டிசம்பர் மாதத்தில் சிறுவர்கள் கிறிஸ்துமஸ் குடில் கட்டுகின்றனர். வைக்கோலைப் பரப்பி, களிமண்ணில் குன்று செய்து, ஆட்டுக்குட்டியை எங்கே நிறுத்துவது என்று அரை மணி நேரம் ஆலோசிக்கின்றனர். சோறு ஆறுகிறது. நாம் பொறுமையிழந்து, “தள்ளு, நான் செய்து தருகிறேன்” என்று பத்தே நிமிடத்தில் முடித்துவிடுகிறோம். குடில் அழகாக அமைகிறது. ஆனால் அந்தப் பிள்ளையின் உள்ளத்தில் உருவாகிக்கொண்டிருந்த ஒன்று பாதியில் கலைந்துபோகிறது. பின்னர் அதே பிள்ளை பாடப் புத்தகத்தில் மனம் ஊன்றவில்லை என்று நாமே குறைகூறுகிறோம். மனம் ஊன்றும் பழக்கத்தை வளரவிடாமல் எத்தனை முறை தடுத்தோம் என்பதை எண்ணுவதில்லை.

போலியை அறிதல்

“அப்படியானால் என் மகன் கைப்பேசியில் மூன்று மணி நேரம் மெய்ம்மறந்து கிடக்கிறானே, அதையும் காக்கவேண்டுமா?” என்று ஒரு தாய் கேட்கலாம். நியாயமான கேள்வி. காலம் மறத்தல் அனைத்தும் ஒரே வகை அன்று.

நடாஷா டௌ ஷூல் என்னும் மானிடவியலர் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் சூதாட்டப் பொறிகளின் முன் அமர்ந்திருப்போரைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து, 2012-இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர்களுள் பலர் பணம் வெல்வதற்காகவும் ஆடவில்லை. அனைத்தையும் மறந்த அந்த மயக்க நிலை நீடிக்கவேண்டும் என்பதற்காகவே ஆடினர். அந்நிலை நீடிக்கும் வண்ணமே இருக்கையும் ஒளியும் ஒலியும் ஆட்டத்தின் வேகமும் திட்டமிட்டு அமைக்கப்பட்டிருந்தன என்று அவர் விளக்கினார். கைப்பேசித் திரையில் விரலால் தள்ளத் தள்ள முடிவின்றி வந்துகொண்டே இருக்கும் பக்க அமைப்பும் இத்தன்மையதே. அதனை 2006-இல் வடிவமைத்த ஏசா ரஸ்கின் என்பவரே, மக்களின் நேரம் அதனால் பெருமளவில் வீணாவதைக் கண்டு பின்னாளில் வெளிப்படையாக வருந்தினார்.

இரண்டு மறதிகளையும் எங்ஙனம் வேறுபடுத்துவது? செயலுக்கு ஒரு முடிவு உண்டா என்று பாருங்கள். சிறுமி தானாக நிறுத்தினாள். கோலம் கடைசி இழையோடு நிறைவுறுகிறது. திரைக்கோ முடிவே வைக்கப்படவில்லை. அடுத்ததாக, நேற்றுச் செய்ய முடியாததை இன்று செய்ய முடிகிறதா என்று பாருங்கள். சதுரங்கம் ஆடும் பிள்ளைக்கு முடிகிறது. தள்ளிக்கொண்டே இருக்கும் விரலுக்கு அத்தகைய வளர்ச்சி இல்லை. இறுதியாக, எழுந்து வரும்போது முகத்தைப் பாருங்கள். மலர்ச்சியா, எரிச்சலா? முகம் பொய் சொல்வதில்லை.

திரை அனைத்தும் தீது என்று கூறுவதாகக் கொள்ளவேண்டாம். கைப்பேசியின் வழியாக வீணை பயிலும் பிள்ளைகளும் உண்டு. மரத்தடியில் சீட்டாட்டத்தில் பொழுதை மறந்து வீட்டை மறந்த தந்தையர், கைப்பேசி தோன்றுவதற்கு முன்னும் இருந்தனர்.

யாருக்கு இந்த வாய்ப்பு?

இறுதியாக ஒன்று. நம் இல்லங்களில் காலத்தை மறக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது? மகன் படிக்கிறான், தொந்தரவு செய்யாதே என்கிறோம். தந்தை செய்தித்தாளில் ஆழ்ந்திருக்கிறார், பேசாதே என்கிறோம். தாய் எதிலாவது ஒரு மணி நேரம் தொடர்ந்து ஆழ்ந்திருக்க நாம் விட்டதுண்டா? பால் பொங்கும், குழந்தை அழும், தண்ணீர் வரும், விருந்தினர் கதவைத் தட்டுவர். வீட்டிலுள்ள அனைவரின் கடிகாரமும் அவள் தலைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது. கடிகாரத்தைச் சுமப்பவர் காலத்தை மறக்க இயலாது. அவளுடைய கை வேலை செய்துகொண்டே இருக்கிறது. கவனமோ நூறு துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. மாலையில் அவள் அடையும் களைப்புக்கு உடலுழைப்பைப்போலவே இச்சிதறலும் காரணம் எனலாம்.

திருமணத்துக்கு முன் பாடியவர், தைத்தவர், கதை எழுதியவர், கணக்கில் முதல் மதிப்பெண் பெற்றவர் என எத்தனையோ பெண்கள் நம் பங்குகளில் உள்ளனர். அத்திறமைகள் அழிந்துவிடவில்லை. அவற்றுக்குத் தேவையான தொடர்ந்த நேரம் அவர்களுக்கு மீண்டும் கிடைக்கவில்லை. பத்துப் பத்து நிமிடங்களாகக் கொடுத்தால் அது நேரமாகாது. ஆழத்துக்குச் செல்பவருக்கு மூச்சடக்க இடைவெளி வேண்டும்.

ஆகவே ஒரு சிறு முயற்சியை வாசகக் குடும்பங்களின் முன் வைக்கின்றோம். வாரத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம், வீட்டின் கடிகாரத்தைக் கணவரும் பிள்ளைகளும் சுமக்கட்டும். அடுப்பையும் அழைப்பு மணியையும் குழந்தையையும் அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அந்த இரண்டு மணி நேரம் தாய்க்கு உரியது. பழைய பாடலோ, பாதியில் நின்ற பூத்தையலோ, படிக்க எண்ணிய நூலோ, அவர் விரும்பியதைச் செய்யட்டும். உப்பு எங்கே, சீப்பு எங்கே என்று கேட்டு எவரும் அவரை எழுப்பவேண்டாம். தொடக்கத்தில் அவருக்கே அது பழக்கமில்லாமல் இருக்கலாம். காது அடுக்களைப் பக்கமே திரும்பும். சில வாரங்களில் சரியாகிவிடும். பிறகு வாரத்துக்கு ஒருவராக, முறை வைத்து இப்பணியை மாற்றிக்கொள்ளலாம்.

தோமையாருக்கு ரெஜினால்டு இருந்தார். இராமானுஜனுக்கு அன்னையும் மனைவியும் இருந்தனர். நம் இல்லத்தில் இவ்வாரம் காலத்தை மறக்கப்போகிறவர் யார், அவருக்காகக் காத்திருக்கப்போகிறவர் யார் என்பதை இன்றிரவு உணவின்போது கலந்து பேசி முடிவு செய்யுங்கள்.